லடாக்கில் ஒரு சிறு கோன்பா: ஏட்டைக் காப்பதா, பாடமாக்கும் பிள்ளையைக் காப்பதா?

வெள்ளவத்தை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்க வந்திருக்கிறேன். விஷயம் நீளமானது, பொறுமையாக வாசியுங்கள்.

நான் முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஓர் ஒழுங்கையில் இருக்கிறேன். சென்ற வருடத்திலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் ஓர் இளம் பிக்குவுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழக்குகிறேன். அவர் இந்தியாவின் வட கோடியில், இமயமலையில் உள்ள லடாக்கைச் சேர்ந்தவர், கொழும்பில் பாளி படிக்கிறார். இங்கே காவி உடுத்தவர்களுக்கு நடுவில் அவருடைய அடர்சிவப்பு அங்கி தூரத்திலேயே தெரியும். நான் எங்கள் வழக்கப்படி ‘சுவாமி’ என்பேன். அவர் என்னை ‘அமா-லே’ என்கிறார். அமா என்றால் அம்மா, லே என்பது மரியாதைக்காகச் சேர்ப்பது.

ஒரு ஞாயிறு காலை அவர் நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார். நான் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் ஓரடி சொல்ல அவர்கள் ஓரடி சொல்வார்கள், பிழைத்தால் திரும்பவும் முதலிலிருந்து. கடைசி வாங்கில் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்து கேட்டார். வகுப்பு முடிந்ததும், “இந்தப் பிள்ளைகளுக்கு இதன் பொருள் தெரியுமா?” என்றார். “பாதிப் பேருக்குத் தெரியாது. முதலில் பாடமாக்குவார்கள், பொருள் பிறகு வரும்” என்றேன். “எங்கள் ஊரிலும் அப்படித்தான். இப்போது பாடமாக்கப் பிள்ளைகள் இல்லை” என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய் மாமரத்தடியில் நின்றார். அன்று எங்களுக்கு ஆங்கிலப் பாடம் நடக்கவில்லை.

அவருடைய ஊர் சிந்து நதிக்கரையில், அல்ச்சியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில். ஊருக்கு மேலே குன்றில் ஒரு சிறு கோன்பா, அதாவது மடாலயம். அவர் ஏழு வயதில் அங்கே சேர்ந்தபோது அவரோடு ஆறு பையன்கள் இருந்தார்கள். விடியற்காலையில் குளிரில் கால்களை அங்கிக்குள் மடக்கிக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, ஒருவர் குரலை மற்றவர் அமுக்குகிற மாதிரிச் சத்தமாகப் பாடமாக்குவார்களாம். இப்போது இரண்டே பையன்கள். முன்பு வீட்டுக்கு ஒரு மகனை மடத்துக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். நான்கைந்து பிள்ளைகள் இருந்த காலம் அது. இப்போது இரண்டு பிள்ளைகள், இருவரும் லடாக்கின் பெரிய நகரமான லேயில் விடுதிப் பள்ளியில். கொஞ்சம் வசதி இருந்தால் ஜம்முவுக்கோ சண்டிகருக்கோ அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் நானும் ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்தவள்.

கோன்பாவில் ஒரு தட்டு நிறையப் பழைய ஏடுகள் இருக்கின்றன. ‘பேச்சா’ என்கிறார்கள். திபெத்திய மொழியில் எழுதிய நீளமான காகித ஏடுகள், தைக்காமல் அடுக்கி, மேலும் கீழும் மரப்பலகை வைத்துத் துணியால் சுற்றியவை. படத்தைக் காட்டியபோது எனக்கு உடல் சிலிர்த்தது. எங்கள் ஓலைச்சுவடியின் வடிவமேதான். பனையும் தாளிப்பனையும் முளைக்காத நாட்டில், காகிதத்தை ஓலை அளவுக்கு வெட்டி அந்த வடிவத்தை ஆயிரம் வருடத்துக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கூரை மண்ணால் ஆனது. மழையே இல்லாத ஊருக்கென்று கட்டியது. 2010 ஆகஸ்டில் லேயில் மேகம் வெடித்துப் பெருவெள்ளம் வந்ததை நினைவு வைத்திருப்பீர்கள். அந்த வருடத்திலிருந்து கோடையில் மழை வந்தால் உள்ளே ஒழுகுகிறதாம். இன்னொன்றும் இருக்கிறது. சுவாமியின் பெரியப்பா அங்கே ‘உம்ஸத்’, பூசையில் முன்னின்று ஓதுபவர். எண்பத்தொரு வயது. அந்த ஊர்ச் சடங்குகளின் வரிசையும் மெட்டும் அவருடைய வாயில்தான் இருக்கின்றன.

எங்கள் வாசகர் வட்டத்தில் பதினொரு பேர். மாதம் இரண்டாயிரம் ரூபா வீதம் பத்து மாதம் போட்டதில் இரண்டு இலட்சத்து இருபதாயிரம் சேர்ந்திருக்கிறது. இந்தக் கோன்பாவுக்குக் கொடுப்போம் என்று முடிவெடுத்தோம். எதற்குக் கொடுப்பது என்பதில்தான் இரண்டாகப் பிரிந்து நிற்கிறோம். ஒரு பாதி, ஏடுகளைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்ற வேண்டும் என்கிறது. மற்றப் பாதி, பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்க ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதனால் முதல் பாதியின் பயம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மம்மா வாயில் வைத்திருந்த பதிகங்கள் அந்தத் தீயில் எரியவில்லை. அவற்றைத்தான் ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அறிந்தவர்கள் சொல்லுங்கள். எது முதலில்?

ஏட்டுப்பெட்டி

டீச்சர், நான் இருபத்தாறு வருடம் சுவடிகளோடு வேலை செய்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பயத்தை விடுங்கள். அந்தத் தட்டில் இருப்பவற்றில் பெரும்பகுதி கஞ்யூர், தெஞ்யூர் தொகுதிகளின் பகுதிகளாகவோ எல்லா மடங்களிலும் உள்ள பூசை நூல்களாகவோ இருக்கும். கஞ்யூர் புத்தரின் வாக்காகக் கொள்ளப்படுவது, நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகள். தெஞ்யூர் இந்திய ஆசிரியர்களின் உரைகளும் நூல்களும், இருநூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகள். இவை பல பதிப்புகளாக ஏற்கெனவே படமாக்கப்பட்டு இணையத்தில் இருக்கின்றன.

அது எப்படி நடந்தது என்பது தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை. 1959க்குப் பிறகு திபெத்திலிருந்து தப்பி வந்தவர்கள் உணவையும் உடையையும் விட்டுவிட்டு ஏடுகளைச் சுமந்து வந்தார்கள். அந்தக் காலத்தில் இந்தியா அமெரிக்காவிடம் வாங்கிய கோதுமைக்கான பணத்தை ரூபாயாகக் கட்டியது. அந்த ரூபாயில் ஒரு பங்கை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் டில்லி அலுவலகம் இந்தியாவில் அச்சாகும் நூல்களை வாங்கச் செலவிட்டது. அந்த அலுவலகத்தில் வேலை செய்த ஜீன் ஸ்மித் என்பவர், அகதிகளிடம் இருந்த அரிய ஏடுகள் மறுபதிப்பாக அச்சேற வழி செய்தார். அச்சானால் நூலகம் வாங்கும், வாங்கினால் அழியாது. 1999இல் அவரே திபெத்திய நூல்களை எண்ணிமப்படுத்த ஒரு நிலையம் தொடங்கினார். 2010இல் காலமானார். இன்று உலகத்தில் எவரும் அந்த ஏடுகளைத் திறந்து வாசிக்கலாம். ஒரு சமூகத்தின் இலக்கியம் கோதுமைக் கணக்கில் பிழைத்தது.

ஆகவே உங்கள் காசை ஏற்கெனவே உள்ளதைத் திரும்பப் படமெடுக்கச் செலவழிக்க வேண்டாம். முதலில் சுவாமியை ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஏட்டுக்கட்டுக்கும் தலைப்பு, ஏட்டு எண்ணிக்கை, கடைசி ஏட்டில் எழுதியவர் பெயரும் எழுதுவித்தவர் பெயரும் உள்ளனவா என்பது. இதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பட்டியலைப் பார்த்தால் அந்த ஊருக்கே உரிய ஏடுகள் எவையென்று தெரிந்துவிடும். ஊர்த் தெய்வத்தின் பூசை, கோன்பாவின் பார்லியும் வெண்ணெயும் எழுதிய கணக்கு, எந்த வீடு எந்த நாளில் விளக்குக்கு எண்ணெய் தர வேண்டும் என்ற முறை. அவைதான் உலகத்தில் வேறு பிரதி இல்லாதவை. அவற்றை மட்டும் எடுங்கள்.

எடுக்கும்போது வெயில் நேரே விழக்கூடாது, வடக்குச் சன்னல் வெளிச்சம் போதும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். ஏட்டை நீளவாக்கில் மேலிருந்து கீழாகப் புரட்ட வேண்டும், நம் புத்தகம்போல் பக்கவாட்டில் அல்ல. இடது ஓரத்தில் ஏட்டு எண் எழுத்தால் எழுதியிருக்கும், அது படத்தில் விழ வேண்டும். கிழிந்த ஏட்டில் ஒட்டுநாடா ஒட்டவே கூடாது. சுவடி கெடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அனல் காட்டி ஒட்டிய ஓர் இடத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். பத்து வருடத்தில் உள்ளே இருந்த காகிதம் பழுப்பு மாவாகிவிட்டது. அதைக் கையில் ஏந்திய நாளை என்னால் மறக்க முடியவில்லை. துணிதான் நல்லது. அவர்கள் சுற்றும் துணியை அப்படியே விடுங்கள், கிழிந்திருந்தால் புதுப் பருத்தித் துணி வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. சில தாந்திரிக நூல்களைத் தீட்சை பெறாதவர் வாசிக்கக்கூடாது என்பது அவர்களுடைய நெறி. எதை வெளியிடலாம், எதைக் கோன்பாவிலேயே வைக்க வேண்டும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். மூன்று பிரதி எடுத்து ஒன்றை அங்கேயே விடுங்கள். மூல ஏடு ஊரை விட்டு ஒரு நாளும் வெளியேறக்கூடாது.

மைசூர் மாணவன்

டீச்சர், உங்கள் கேள்வி என்னை முப்பது வருடம் பின்னால் கொண்டுபோய்விட்டது. நான் கொழும்பிலிருந்து மைசூருக்குப் படிக்கப் போனவன். விடுமுறைகளில் திபெத்திய அகதிகள் குடியேறிய பைலகுப்பேக்குப் பஸ் ஏறிவிடுவேன். சோளக்காட்டுக்கு நடுவில் செரா மடாலயம். 1959இல் தப்பி வந்த துறவிகள் முதலில் வங்காளத்தின் பக்ஸாவில் ஒரு பழைய சிறை முகாமில் இருந்தார்கள். வெக்கையிலும் காசநோயிலும் பலர் மாண்டார்கள். இருந்தும் அங்கேயே பாடத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள். பிறகுதான் கர்நாடகத்தில் நிலம் கிடைத்துச் செரா பைலகுப்பேயிலும், கான்டன், திரேபுங் முண்ட்கோட்டிலும் மறுபடி எழுந்தன.

மாலையில் முற்றத்தில் விவாதம் நடக்கும். பதில் சொல்பவர் தரையில் இருப்பார். கேட்பவர் நின்றுகொண்டு, ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் இடது காலைத் தரையில் ஊன்றிக் கையைத் தட்டுவார். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தட்டும்போது மழை தகரத்தில் கொட்டுவது போல இருக்கும். பதில் சொல்பவருக்குச் சில வாசகங்கள்தான் அனுமதி. ‘ஒப்புகிறேன்’, ‘ஏன்?’, ‘காரணம் நிறுவப்படவில்லை’, ‘வியாப்தி இல்லை’, அதாவது அந்தக் காரணத்திலிருந்து அந்த முடிவு வராது. இப்படிப் பதினைந்து இருபது வருடம் படித்தால்தான் கெஷே பட்டம். ஐந்து மூல நூல்கள். அவற்றில் தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகத்துக்கென்றே குளிர்காலத்தில் ஒரு மாத விவாதம் தனியாக உண்டு.

இப்போது நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். தர்மகீர்த்தி விளக்கியது திங்நாகரின் தருக்கத்தை. அந்தத் திங்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய வரலாற்று மரபு சொல்கிறது. அவருடைய முதன்மை நூலின் வடமொழி மூலம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை, திபெத்திய மொழிபெயர்ப்பு முழுமையாக இருக்கிறது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையை நினைத்துப் பாருங்கள். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) என்று தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். அது திங்நாகர் வழித் தருக்கம். பைலகுப்பே முற்றத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கை தட்டி ‘ஏது எங்கே?’ என்று கேட்டபோது, நம்மிடம் அச்சாக மட்டும் இருப்பது இவனிடம் உயிரோடு இருக்கிறதே என்று நின்ற இடத்திலேயே அழுதேன்.

உங்கள் கேள்விக்குப் பதில், என் மனத்தில் சந்தேகமே இல்லை, ஆசிரியர்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை. 2008க்குப் பிறகு திபெத்திலிருந்து தப்பி வருபவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள். தென்னிந்தியப் பெருமடங்களில் இப்போது சேரும் சிறுவர்களில் பெரும்பாலோர் நேபாளம், லடாக், ஸ்பிதி, அருணாசலம் போன்ற இமயமலைப் பகுதிப் பிள்ளைகள். அங்கே படிப்பு ஆழமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் எட்டு வயதில் மலையை விட்டுப் போன பையன் இருபத்தெட்டு வயதில் கெஷேயாகி வரும்போது ஊர்ச் சடங்கின் மெட்டு அவனுக்குத் தெரியாது. பலர் திரும்புவதும் இல்லை. எனவே பையன்களைத் தெற்கே அனுப்பும் செலவுக்கு உங்கள் காசைக் கொடுக்காதீர்கள். ஊரிலேயே படிப்பிக்க ஒருவரைப் பிடியுங்கள்.

லேயில் 1959இல் லடாக்கின் பெரிய லாமா குஷோக் பகுலா ரின்போச்சேயின் முயற்சியால் தொடங்கிய பௌத்த ஆய்வு நிறுவனம், இப்போது சோக்லம்சாரில் இருக்கிறது. கிராமக் கோன்பாக்களில் சிறுவர்களுக்கான பள்ளிகளையும் அது நடத்துகிறது. சுவாமி அங்கே விசாரித்தாரா?

கொட்டாஞ்சேனை வாசகர்

டீச்சர் அம்மா, மனம் நோகாமல் கேளுங்கள். 1983 ஜூலையில் எங்கள் வீடு எரிந்தது. எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு பௌத்தம் என்ற சொல் காதில் விழுந்தால் என் தாயார் எழுந்து உள்ளே போய்விடுவார், சாகும்வரை அப்படித்தான். வன்னியில் ஆசிரியர் இல்லாத வகுப்பறைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு இலட்சம் ரூபா பெரிய காசு. அது ஏன் இமயமலைக்குப் போக வேண்டும்? கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

வெள்ளவத்தை டீச்சர்

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு ஒரு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். உங்கள் தாயாரை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அந்த வருடம் நாங்களும் மூன்று இரவுகள் ஒரு பாடசாலைத் தரையில் படுத்தவர்கள். உங்களை வென்று காட்டும் பதில் என்னிடம் இல்லை. என் மனத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

மைசூர் மாணவன் மணிமேகலையைச் சொன்னார். அந்த ஏடு பிழைத்தது. ஆனால் உ. வே. சாமிநாதையர் அதைக் கையில் எடுத்தபோது பௌத்தம் சொல்லித்தரத் தமிழில் ஒருவர்கூட இல்லை. கும்பகோணத்தில் வேறு மொழி நூல்கள் வழியாகப் பௌத்தம் படித்திருந்த ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டு, 1898இல் பதிப்பித்தார். குண்டலகேசிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. வேறு நூல்களில் மேற்கோளாகச் சிதறிய சில பாட்டுகள்தான் மிச்சம். நாகப்பட்டினத்தில் இராசராசன் காலத்தில் எழுந்த விகாரையின் இடிபாடு 1867 வரை நின்றது. அதைச் சுற்றி வாழ்ந்த தமிழருக்கு அது என்னவென்றே தெரியாமல் போயிருந்தது. எங்களுடையதாக இருந்த ஒன்றை, படிக்கப் பிள்ளை இல்லாமல், நாங்களே தொலைத்திருக்கிறோம். அந்தத் தொலைந்த வீட்டின் ஓர் அறை மலைமேல் இன்னும் விளக்கோடு இருக்கிறது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

வன்னியைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. வட்டத்தில் அதை எழுப்பினேன். வரும் தை மாதத்திலிருந்து அடுத்த பத்து மாதச் சேமிப்பு ஒரு வன்னிப் பள்ளிக்கு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எந்தப் பள்ளி என்று நீங்கள்தான் காட்டித்தர வேண்டும். உங்களோடு நானும் வந்து பார்க்கிறேன்.

நெய்தல்

அக்கா, ‘பையன்கள், பையன்கள்’ என்றே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். பெண் துறவிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

லடாக்கில் ‘சோமோ’ என்று அழைக்கப்படும் பெண் துறவிகள் மிக நீண்ட காலம் வீட்டு வேலையும் வயல் வேலையும் செய்து முதுமையடைந்தவர்கள். தலை மழித்திருப்பார்கள், விரதம் காப்பார்கள், ஆனால் தருக்க நூல் அவர்கள் கைக்கு வராது. அவர்களுக்கென்று ஒரு சங்கம் 1996இல்தான் அங்கே தோன்றியது. கெஷேவுக்கு இணையான ‘கெஷேமா’ பட்டம் முதல் தொகுதியாக இருபது பெண் துறவிகளுக்குக் கிடைத்தது 2016இல். நான்கு வருடம் தொடர்ந்து பரீட்சை எழுதிப் பெற்றார்கள். அந்தப் படத்தை நான் வெட்டி வைத்திருக்கிறேன். மஞ்சள் தொப்பி போட்ட அந்த முகங்களைப் பார்த்தால் எனக்கு என் பெரியம்மாதான் நினைவுக்கு வருவார். சங்கீதம் முழுவதும் தெரிந்தும் மேடை ஏற விடப்படாதவர்.

ஊரில் பையன்கள் இல்லை என்றால் பெண் பிள்ளைகள் இருப்பார்களே. ஆசிரியர் வைக்கப் போகிறீர்கள் என்றால், கதவு அவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் நடக்காது.

கணக்காளர்

ஒரு நடைமுறை விஷயம். இந்தியாவில் எந்த மடமோ சங்கமோ வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெறுவதென்றால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் காசு புதுடில்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதான கிளைக் கணக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். பெற்ற நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் முடியாது. சிறு கிராமக் கோன்பாவுக்கு இந்தப் பதிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ‘சுவாமி கையில் கொடுத்துவிடலாம்’ என்று நினைக்காதீர்கள், சிக்கல் அவருக்குத்தான் வரும். பதிவுள்ள ஒரு நிறுவனத்தைக் கண்டுபிடித்து, இந்த வேலைக்கென்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். வட்டத்தின் கூட்டக் குறிப்பிலும் பதியுங்கள்.

வெள்ளவத்தை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. கணக்காளர் ஐயா, நீங்கள் எழுதியிராவிட்டால் அந்தப் பிழையைத்தான் செய்திருப்போம். உறையில் போட்டுச் சுவாமியின் கையில் கொடுக்க இருந்தோம்.

உங்கள் பதில்களை அச்செடுத்துச் சுவாமிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். நீண்ட நேரம் பேசினோம். அவர் சொன்ன ஒன்று எங்கள் இரண்டு பாதிகளையும் மாற்றிவிட்டது. ஊரில் எழுத்து வேறு, பேச்சு வேறு. எட்டு என்ற சொல்லை முன்னால் மூன்று நான்கு மெய்யெழுத்துகளைச் சேர்த்து எழுதிவிட்டு, ‘க்யத்’ என்று மட்டும் வாசிப்பார்களாம். வீட்டில் பேசும் லடாக்கிக்கும் ஏட்டு மொழிக்கும் அவ்வளவு தூரம். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு முப்பது மெய்யெழுத்துகளைக் கற்பித்தால் மட்டும் போதாது, வாசித்துக் காட்ட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். “படம்பிடித்த ஏட்டை என் மருமகன் திறந்தால் அது அவனுக்குக் கோடும் புள்ளியும்தான், அமா-லே” என்றார். எனக்கு உ. வே. சா.வின் மேசை கண்ணுக்குள் வந்தது.

கொழும்புக்கும் அந்த மலைக்கும் பழைய பாதை ஒன்று இருப்பதையும் அவருக்குச் சொன்னேன், அவருக்குத் தெரியாது. இந்திய அறிஞர் ராகுல் சாங்கிருத்தியாயன் 1927இல் களனி வித்தியாலங்காரப் பிரிவெனாவுக்கு, அதாவது பிக்குகளின் கல்லூரிக்கு, வடமொழி படிப்பிக்க வந்தவர். இங்கே பாளி படித்துவிட்டு 1929இல் திபெத்துக்குப் போனார். பிறகும் மூன்று முறை போய், இந்தியாவில் தொலைந்த வடமொழி ஏடுகளை அங்கே கண்டெடுத்தார். பிரமாணவார்த்திகத்தின் மூலமும் அப்படித்தான் கிடைத்தது. அவரோடு பழகிய கெண்டுன் சோபெல் என்ற திபெத்திய அறிஞர் 1941இல் இலங்கைக்கு வந்து தங்கி, தம்மபதத்தைப் பாளியிலிருந்து திபெத்திய மொழிக்கு ஆக்கினார். சிக்கிமில் 1901இல் பிறந்து, சிறுவனாக இங்கே வந்து, சிங்களக் கவிஞராகவே புகழ்பெற்ற எஸ். மகிந்த தேரரை உங்களில் பலர் அறிவீர்கள். சுவாமி இவர்கள் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டார். மறு கிழமை களனிக்குப் போய்வந்தாராம்.

முடிவு இது. லடாக்கில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பள்ளி விடுமுறை. லேயில் படிக்கும் பிள்ளைகள் லோசர் புத்தாண்டுக்கு ஊருக்கு வருவார்கள். லடாக்கி லோசர் திபெத்திய லோசருக்கு முன்னதாக, டிசம்பர் அளவில் வருகிறது. அந்த மூன்று மாதமும் கோன்பாவின் அடுப்பறையில் ஒரு வகுப்பு. துறவு பூண வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, பெண் பிள்ளைகளும் வரலாம். நெய்தல், இதைப் பெரியப்பாவிடம் பேசி அனுமதி வாங்கியது சுவாமிதான். படிப்பிக்க ஊரிலேயே பிறந்த ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பதிவுள்ள ஒரு நிறுவனத்தின் வழியாக அவருக்குச் சம்பளம், அடுப்புக்கு விறகு, கொப்பிகள். ஏட்டுப்பெட்டி ஐயா சொன்ன பட்டியலைச் சுவாமியே விடுமுறையில் எழுதுவார்.

வெள்ளவத்தை டீச்சர் — நான்கு மாதங்களின் பின்

இந்த இழையைத் திரும்ப எழுப்புகிறேன், மன்னிக்கவும். சுவாமி ஊரிலிருந்து ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருக்கிறார்.

வகுப்புக்கு ஒன்பது பிள்ளைகள் வந்தார்களாம், நான்கு பேர் பெண் பிள்ளைகள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு பாகை. பட்டியல் முடிந்துவிட்டது. நாற்பத்தேழு ஏட்டுக்கட்டுகளில் ஐந்து மட்டும் வேறெங்கும் கிடைக்காதவை போலத் தெரிகிறதாம். ஏட்டுப்பெட்டி ஐயாவுக்கு அதைத் தனியாக அனுப்புகிறேன்.

பதிவில் பெரியப்பாவின் குரல் முதலில் வருகிறது. அடித்தொண்டையிலிருந்து, மிக மெதுவாக. பிள்ளைகள் பின்னால் சொல்கிறார்கள். ஆறாவது நிமிடத்தில் ஒரு சிறுமி ஒரு சொல்லை விழுங்கிவிட்டுத் தொடர்கிறாள். குரல் நிற்கிறது. அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் கேட்கிறது. பிறகு அவர் அந்த அடியை முதலிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்.

நேற்று ஞாயிறு. வகுப்பு தொடங்குமுன் என் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கடற்கரை ரயில் போன சத்தத்தில் நடுவில் கொஞ்சம் கேட்கவில்லை. “டீச்சர், அந்த இடத்தைத் திரும்பப் போடுங்கள்” என்றான் ஒருவன். மூன்று தரம் போட்டேன்.